சுவரில் மட்டும் வந்த சத்தம்

எஞ்சினில் சத்தம் என்று சொல்லி ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால், நம் மெக்கானிக் ஆட்கள் செய்யும் முதல் வேலை கையை நீட்டி ஸ்பேனர் கேட்பது. அடுத்த வேலை, இதற்கு முன்னால் அந்த வண்டியில் கை வைத்தவனைத் திட்டுவது. இந்த இரண்டையும் நானும் நன்றாகச் செய்திருக்கிறேன். இரண்டாவதில் எனக்கு உத்திரமேரூர் வட்டாரத்திலேயே நல்ல பேர் உண்டு.

புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்திலிருந்து கேட்டீர்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் காலமெல்லாம் கரி பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனிடம் ஞானம் இருக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. டாப்பெட்டுக்கு எவ்வளவு இடைவெளி, எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்பதையெல்லாம் இப்போது கம்பெனிக்காரர்களே புத்தகம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். ஒரு வண்டியில் வந்த ஒரு சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம். பெருநகர் என்கிற பக்கத்து ஊரில் பூசத் திருவிழா. சுற்று ஊர் சாமிகள் எல்லாம் செய்யாற்றுக்கு வரும். சாமிகளைப் பார்க்கச் சனம் வரும். சனத்தைப் பார்த்து ராட்டினக்காரர், பலூன் சுட வைக்கிறவர், பஞ்சு மிட்டாய்க்காரர் எல்லாரும் வந்துவிடுவார்கள். அந்த வருஷம் அறுவடை முடிந்த ஒரு வயலில் மரணக் கிணறு போட்டிருந்தார்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, மாடி வீட்டு உயரத்துக்கு வட்டமாகக் கட்டிய தொட்டி அது. மோட்டார் சைக்கிள்காரன் அடியில் சுற்ற ஆரம்பித்து, வேகம் பிடித்து, அப்படியே சுவரில் ஏறிவிடுவான். வண்டி படுத்த வாக்கில் சுவரோடு ஓடும். சனம் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கும். அவன் விழுந்தால் நம் கண் முன்னால் விழட்டும் என்பதற்குத்தான் டிக்கெட் வாங்குகிறோம். அதை வாய்விட்டு யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

வண்டி வெள்ளைக்காரன் இரண்டாவது உலகச் சண்டைக்குக் கொண்டுவந்த மிலிட்டரி வண்டி. ஒற்றை சிலிண்டர். சண்டை முடிந்து ஏலத்தில் போய், யார் யாரிடமோ இருந்துவிட்டு, கடைசியில் இந்தக் கம்பெனிக்கு வந்து சேர்ந்திருந்தது. எந்தத் தயாரிப்பு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. டேங்கில் இருந்த பேரைப் பெயின்ட் மூடிவிட்டது. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம், ஒவ்வொரு ஊர் திருவிழாவுக்கும் போய் இறங்கியதும் வண்டிக்கு ஒரு கோட்டு சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். பழையதைச் சுரண்டுவது கிடையாது. டேங்க், சட்டம், போல்ட், நட்டு என்று பேதம் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் அடி. ஜாங்கிரியைப் பாகில் முக்கி எடுத்த மாதிரி வண்டி பளபளவென்று நிற்கும்.

அதை ஓட்டியவன் பேர் முனிரத்தினம். நோட்டீஸில் டைகர் ரத்னம். புலியின் சொந்த ஊர் காவாந்தண்டலம். அவன் அப்பா அங்கே கூலிக்கு ஏர் ஓட்டியவர். இவன் மீசை முளைக்கும் முன்பே ஊரை விட்டு ஓடிப்போய், கூடாரம் கட்டுகிற வேலையில் சேர்ந்து, படிப்படியாகச் சுவரில் ஏறிவிட்டான். அவன் ஊர்ப்பக்கம் வந்து ஆட்டம் காட்டியது அதுதான் முதல் தடவை. காவாந்தண்டலமே திரண்டு வந்தது. எந்த வீட்டு வாசலில் அவன் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பாரோ, அந்த வீட்டுப் பெரியவர் கிணற்று விளிம்பில் நின்று ரூபாய் நோட்டைக் கையில் பிடித்து நீட்டினார். முனிரத்தினம் சுவரில் வந்த வேகத்தில் அதைப் பறித்துக்கொண்டு போனான். முதல் நாள் ஆட்டத்தைப் பற்றி எங்கள் பஸ் ஸ்டாண்டில் இதுதான் பேச்சு.

மறுநாள் காலையில் அவன் மனைவி அன்னம்மா பெருநகரிலிருந்து பஸ் பிடித்து என் கடைக்கு வந்தாள். கிணற்றுக்கு மேலே பரண் மாதிரி ஒரு மேடை போட்டு, மைக்கில் கூவி ஆள் சேர்ப்பது அவள் வேலை. தொண்டை கட்டிப்போயிருந்தது.

"அண்ணா, அவரு வண்டில ஒரு சத்தம் வருது. மேல ஏறினா டொக்கு டொக்குன்னு தட்டுது. காஞ்சிபுரத்துல ஒர்த்தரு பிஸ்டன் மாத்திக் குட்த்தாரு. போவல. நீ வந்து ஒருவாட்டி பாருண்ணா."

காஞ்சிபுரத்துக்காரரைத் திட்டிக்கொண்டே கிளம்பினேன். ஓசியில் மரணக் கிணறு பார்க்கலாம் என்பதும் ஒரு காரணம்.

வயலில் முதலாளி வரவேற்றார். தங்கப் பல், மல் ஜிப்பா. வண்டியைக் கிணற்றுக்கு வெளியே நிறுத்தி ஸ்டார்ட் செய்தோம். நாம் செய்கிற வித்தை தெரியுமே, நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பெரிய டாக்டர் மாதிரி நின்றேன். மேலே வைத்தேன், கீழே வைத்தேன், ஆக்சிலேட்டரை முறுக்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை. அந்த வயசுக்கு அது எவ்வளவு சத்தம் போட வேண்டுமோ அதைவிடக் குறைவாகவே போட்டது.

முதலாளி சிரித்தார். பொம்பளைக்குப் புருஷன் விழுந்துவிடுவானோ என்று பயம், அது காதில் சத்தமாகக் கேட்கிறது என்றார். முனிரத்தினமும் சிரித்தான். முதலாளியைவிடச் சத்தமாகவே சிரித்தான். நானும் சிரித்துவிட்டுக் கையைத் துடைத்தேன். அன்னம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"கீழ வெச்சிக் கேட்டா எப்டிண்ணா? அது மேல தானே தட்டுது."

தம்பிகளா, இந்த ஒரு வரியைக் கவனியுங்கள். சத்தம் சுவரில் வருகிறது என்று அந்தம்மா காலையிலேயே சொல்லிவிட்டாள். நான் வண்டியைத் தரையில் நிறுத்தி, நிழல் பார்த்து, எனக்கு வசதியான இடத்தில் சத்தத்தை வரச் சொல்லிக்கொண்டிருந்தேன். காஞ்சிபுரத்துக்காரரும் இதையேதான் செய்து, கேட்காத சத்தத்துக்குப் பிஸ்டன் மாற்றியிருக்கிறார். ஏற்றத்தில் சத்தம் வருகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் ஏற்றத்துக்குப் போங்கள். பெண்டாட்டி பின்னால் உட்கார்ந்தால் வருகிறது என்று சொன்னால், மரியாதையாக அந்தம்மாவையும் வரச் சொல்லுங்கள்.

வண்டியைச் சுவரில் ஏற்றிக் கேட்பதற்கு ஒரு தடை இருந்தது. மரணக் கிணற்று வண்டிகளில் சைலன்சரைக் கழற்றிவிடுவார்கள். அந்த உறுமல் திருவிழா முழுக்கக் கேட்டால்தான் சனம் வரும். அந்த உறுமலில் கிணற்றுக்குள் குண்டு போட்டாலும் தெரியாது. சைலன்சரை மாட்டினால்தான் என்னால் கேட்க முடியும் என்றேன். முதலாளி, ஊமை வண்டியை யார் வந்து பார்ப்பார்கள் என்று குதித்தார். மதிய ஆட்டத்துக்கு முன்னால் கழற்றிவிடுகிறேன் என்று சத்தியம் செய்து, என் வண்டியின் சைலன்சரையே கழற்றிக் கம்பி போட்டுக் கட்டினேன்.

அதற்குள் திருவிழாவுக்கு வந்த பாதிப் பேர் கிணற்று விளிம்பில் ஏறிவிட்டார்கள். டிக்கெட் இல்லாமல் ஏதோ நடக்கிறது என்றால் நம் சனத்துக்கு எப்படித்தான் தெரியுமோ. முனிரத்தினம் வண்டியைச் சுவரில் ஏற்றினான். இப்போது கேட்டது. டொக், டொக், டொக். நம்மில் யார் கேட்டாலும் அடி பேரிங் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மாதிரி கனமான தட்டு. மேலே நின்றவர்களும் சும்மா இல்லை. பம்பு செட்டு வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. ஒருவர் நாசிலைப் பார்க்கச் சொன்னார். நாசில் டீசல் பம்பு செட்டில்தான் இருக்கும், இந்த வண்டியில் கிடையவே கிடையாது.

நான் கிணற்றின் அடியில் நடுவே நின்று, வண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் காதைத் திருப்பினேன். திருப்பித் திருப்பி நானும் சுற்ற ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் வண்டி நேராக நிற்பதாகவும் பெருநகர்தான் சுற்றுவதாகவும் தெரிந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

முதலாளி, பலகை ஆடுகிறது, அந்தச் சத்தம்தான் என்றார். நியாயமான சந்தேகம். மேலே ஏறி விளிம்பில் ஒரே இடத்தில் நின்று கேட்டேன். பலகையாக இருந்தால் அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் தட்ட வேண்டும். இது வண்டியோடு சேர்ந்து ஊர்வலம் போனது. ஆகவே வண்டிதான். ஆனால் வண்டியில் எங்கே? எதிரே வந்து, காதைக் கடந்து, போய்விடுகிற சத்தத்தை எந்த ஸ்க்ரூடிரைவரால் பிடிப்பது?

முதலாளி கைக்கடிகாரத்தைக் காட்டினார். பூசத்தன்று மதிய ஆட்டம் நின்றால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான், வேண்டுமானால் திருவிழா முடிந்து பிரித்துப் பார் என்றார். திருவிழா முடியும்வரை அந்த வண்டியில் சுவரில் ஏறுகிறவன் அவர் இல்லை. சுவரில் எஞ்சின் ஒரு நொடி நின்றாலும் ஆளும் வண்டியும் ஒன்றாகத்தான் கீழே வருவார்கள். மேலே பார்த்தேன். அன்னம்மா மைக்கை அணைத்துப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சனமும் என்னைப் பார்த்தது. அந்த நேரத்தில் என் வாய் எனக்குச் சொல்லாமலேயே ஒரு வேலை செய்தது. "நான் பின்னால உக்காந்து பாக்கறேன்" என்றது.

விளிம்பில் விசில் அடித்தார்கள். முனிரத்தினம் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "வாணாம் நைனா. உனுக்குப் பயக்கமில்ல" என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. எனக்கு அது அவமானமாக இருந்தது. எங்கள் குடும்பத்திலேயே யாருக்கும் இல்லாத ஒரு வீரத்தோடு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

பின்னால் உட்காருகிறவனுக்குக் கால் வைக்க அதில் இடமே இல்லை. அவன் பூட்ஸ் மேலேயே என் வெறுங்கால்களை வைத்துக்கொண்டு, இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வண்டி சுற்றியது, சாய்ந்தது, சுவர் தரையாகிவிட்டது. சாமி பேர் எல்லாம் சொன்னேன். ஆற்றுக்கு வந்திருந்த சாமிகள் எல்லாருக்கும் அன்று என்னால் வேலை. அங்கே நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம், சுவரில் சுற்றும்போது உடம்பு பல மடங்கு கனத்துவிடும் என்பது. என் தலையை என் கழுத்தால் தூக்க முடியவில்லை. கன்னம் தொங்கியது. என் மேல் இன்னும் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பது மாதிரி ஒரு அழுத்தம். பயத்திலும் அது மண்டையில் உறைத்தது. எனக்கு இந்தக் கனம் என்றால் எஞ்சினுக்கும் இதே கனம்தான். தரையில் சும்மா இருக்கிற எதுவோ, இந்தக் கனத்தில் இடம் விட்டு நகர்கிறது.

அப்போது காலில் தட்டியது. காதில் டொக் என்று கேட்ட அதே நொடியில், உள்ளங்காலில் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு தட்டு. ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் தட்டு. அதற்குமேல் எனக்கு எதுவும் தேவையில்லை. அவன் முதுகில் குத்தினேன். மிகவும் தாழ்வாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான், மெதுவாக இறக்கிவிட்டான். இறங்கியதும் காலையில் சாப்பிட்ட நாஷ்டாவைக் கிணற்றுக்குள்ளேயே ஒப்படைத்தேன். சனம் கை தட்டியது.

கால் வைக்கும் கம்பி அந்த வண்டியில், எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்துகிற இரும்புத் தகட்டின் வழியாகப் போகிறது. அந்தத் தகட்டைக் காலையிலேயே பார்த்திருந்தேன். சிவப்பாக, புதுசாக, அழகாக இருந்தது. இப்போது ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன். சிவப்பு வந்தது, அதற்கடியில் இன்னொரு சிவப்பு, அதற்கடியில் இன்னொன்று. எத்தனையோ ஊர்த் திருவிழாக்களைத் தாண்டி இரும்புக்குப் போனபோது, குறுக்கே கறுப்பு நூல் மாதிரி ஒரு விரிசல். மறுபக்கத்துத் தகட்டிலும் அதே விரிசல் பாதி தூரம். சுத்தியல் பிடியால் லேசாகத் தட்டினேன். முதல் தகடு இரண்டாகிவிட்டது.

தரையில் எஞ்சின் தன் சொந்தக் கனத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. சுவரில் கனம் ஏறியதும் விரிசல் வாய் திறந்து, எஞ்சின் ஆடித் தட்டியது. மறுபக்கத் தகடும் விட்டுப்போயிருந்தால் செயின் அறுந்து, எஞ்சின் சட்டத்தை விட்டு இறங்கியிருக்கும். நான் பின்னால் உட்கார்ந்திருந்தபோதே அது நடந்திருக்கலாம் என்பதை யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை.

முதலாளி தகட்டைப் பார்த்தார். நேற்றுத்தானே பெயின்ட் அடித்தோம் என்றார். பிறகு தன் சுபாவத்துக்குத் திரும்பி, கம்பி போட்டு இறுக்கிக் கட்டு, இன்றைக்கு மட்டும் ஓட்டிவிடலாம் என்றார். முடியாது என்றேன். முனிரத்தினம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மேலே நின்ற பெரியவருக்கும் கேட்கும்படி, கட்டிக் கொடு, நான் ஓட்டுகிறேன் என்றான். நான் உடைந்த தகட்டை எடுத்து டிரவுசர் பையில் போட்டுக்கொண்டேன். வண்டி தானாகவே விழுந்துவிடும், அதற்கு டைகர் எதற்கு என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன். முதலாளி என் பரம்பரையை விசாரித்தார். விளிம்பில் நின்றவர்கள், கொஞ்ச நேரம் முன்னால் எனக்குக் கை தட்டிய அதே ஆட்கள், வேலை தெரியாத மெக்கானிக்கு என்று கூவினார்கள். அன்னம்மா மைக்கைப் போட்டு, வண்டி உடைந்துவிட்டது, மோட்டார் சைக்கிள் ஆட்டம் இன்றைக்குக் கிடையாது என்று அறிவித்தாள். கட்டியிருந்த தொண்டை அந்த அறிவிப்புக்கு மட்டும் நன்றாகத் திறந்தது.

என் சைலன்சரைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு முனிரத்தினத்தைத் தேடிப் போனேன். கூடாரத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அன்னம்மா நின்றாள்.

"தட்டு என் காலுக்கு உன் பூட்ஸு வயியாத்தான்டா வந்துச்சி" என்றேன். "உனுக்கு எத்தினி நாளா தெரியும்?"

அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தான். அன்னம்மாவைப் பார்த்தேன். சைலன்சர் இல்லாத வண்டி, கூவுகிற சனம், கையில் மைக்கு. இந்தச் சத்தத்துக்கு நடுவே அந்தம்மாவுக்கு எஞ்சின் தட்டுவது எப்படிக் கேட்டிருக்கும்? காலையில் எங்கள் கடையில் வைத்து, என்ன காது இந்தப் பொம்பளைக்கு என்று நான்தான் வியந்துகொண்டிருந்தேன்.

"அவளுக்கு ஒண்ணும் கேக்கல நைனா" என்றான் முனிரத்தினம். "நான்தான் சொல்லி அனுப்பிச்சேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதை என்னிடமே சொல்லித் தொலைத்திருக்கலாமே, தெரிந்துகொண்டே என்னையும் ஏற்றிக்கொண்டாயே பாவி, என் பிள்ளைகள் தெருவில் நின்றிருக்குமே என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். பிறகு பூட்ஸைக் கீழே வைத்துவிட்டுப் பேசினான்.

"காஞ்சிபுரத்துலேர்ந்து கால்ல தட்டிக்கினே கீது. மொதலாளி கைல சொன்னா, இவனுக்குப் பயம் வந்துடுச்சி, வேற ஆள் பாருன்னுவாரு. இங்க எங்கப்பன் ஏர் ஓட்டின வூட்டுக்காரரு மேல நின்னு பாத்துக்கினு கீறாரு. அவரு எதிர்ல எறங்கி வந்து, எனுக்குப் பயமா கீதுன்னு சொல்லணுமா? நீ சொன்னா வண்டி கெட்டுப்போச்சி. நான் சொன்னா முனிரத்தினம் கெட்டுப்போனான்."

என் பக்கம் திரும்பி, "உன்ன ஏறவாணாம்னுதானே சொன்னேன். நீதான் கேக்கல" என்றான்.

உண்மை. சொன்னான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்களே, நான் மட்டும் எப்படி இறங்குவது? என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவன் பக்கத்தில் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்தேன். அன்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் டீ கொண்டுவரப் போனாள். அவளும் ஒரு ஆளைத் தேடிக் காலை பஸ் பிடித்து வந்து, தன் காதில் விழாத சத்தத்தைக் கேட்டதாகச் சொல்லி, எல்லாருடைய சிரிப்பையும் வாங்கிக்கொண்டவள்தான். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

லாரி பாடி கட்டுகிற ஒருவரிடம் கனமான தகடு வெட்டி வாங்கி, இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். பெயின்ட் அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அடித்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு கடையை மூடும்வரை என்னிடம் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியை ஓட்டுகிறவனோடு அப்பாவோ மச்சானோ முதலாளியோ வந்திருந்தால், அவர் எவ்வளவு பெரிய மனுஷராக இருந்தாலும், முக்கு வரைக்கும் போய் நல்ல டீயாகப் பார்த்து வாங்கிவரச் சொல்வேன். முறைத்துக்கொண்டே போவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, ஓட்டுகிறவனைப் பார்த்து, "இப்ப சொல்லுப்பா" என்பேன்.

சொல்லிவிடுவார்கள்.